போர்பன் பழக் காக்டெயில்

அமெரிக்காவில் மக்காச்சோளத்தை முதன்மையாகக் கொண்டு வடிக்கப்படும் போர்பன் விஸ்கியோடு பழச்சாறும் சர்க்கரைப் பாகும் பனிக்கட்டியும் சேர்த்து இல்லங்களிலேயே தயாரிக்கப்படும் பானவகை. தானியத்தில் நூற்றுக்கு 51 பங்கேனும் மக்காச்சோளமாயிருத்தலும், உட்புறம் கரிக்கப்பட்ட புதிய ஓக் மரப் பாத்திரத்தில் மது வைக்கப்படுதலும் அந்நாட்டுச் சட்டத்தின் விதிகள்.

வரலாறு: இந்தியாவோடு வாணிகம் செய்த ஆங்கிலக் கப்பலோட்டிகளால் 17ஆம் நூற்றாண்டில் மேலைநாடுகளில் பரவிய பஞ்ச் என்னும் பானமே இத்தகைய கலவைகளுக்கெல்லாம் மூலம். பெரிய கிண்ணத்தில் பலருக்காகக் கலக்கப்பட்ட அதன் புளிப்பும் இனிப்பும், காலப்போக்கில் ஒருவருக்குரிய சிறு குவளையில் ஒடுங்கியபோது சவர், ஸ்மாஷ் முதலிய வகைகள் பிறந்தன. அவற்றையெல்லாம் 1862இல் நூலாகத் தொகுத்து வெளியிட்ட ஜெர்ரி தாமஸ், இக்கலைக்கு இலக்கணம் வகுத்தவர் என்று போற்றத்தக்கவர். போர்பன் வைக்கப்படும் பீப்பாயைக் கரிக்கும் முறையை எலைஜா கிரெய்க் என்னும் பாதிரியார் கண்டுபிடித்தார் என்பது பிற்காலக் கதை. அது பலருடைய அனுபவத்தில் படிப்படியாக விளைந்ததே. நெருப்பு பட்ட மரத்தின் லிக்னின் சிதைந்து வனிலின் உண்டாவதாலும், மரத்திலுள்ள சர்க்கரைப் பொருள்கள் கருகிப் பாகின் மணம் தருவதாலும், பீச், செர்ரி, ஆரஞ்சு ஆகிய கனிகள் இம்மதுவோடு வெகு இயல்பாக இசைகின்றன. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை நிலவிய மதுவிலக்கு, கலவை பானங்களின் இந்த அருமையான சம்பிரதாயத்தைப் பெரிதும் குலைத்துவிட்டது.

செய்முறை: நன்கு கனிந்த பீச் பழத்தில் பாதியைத் தோல் நீக்கி, மரக்கட்டையால் மசித்து, அதில் 60 மில்லி லிட்டர் போர்பனையும், அப்போதே பிழிந்த எலுமிச்சைச் சாறு 20 மில்லி லிட்டரையும், சர்க்கரையும் நீரும் சம அளவாகக் காய்ச்சிய பாகு 15 மில்லி லிட்டரையும் வார்த்து, மூடியுள்ள பாத்திரத்தில் பனிக்கட்டியோடு, வெளிப்புறம் பனி பூக்கும் வரை குலுக்கி வடிகட்ட வேண்டும். உருகும் பனிக்கட்டியின் நீரும் கலவையின் ஓர் அங்கமாதலால் குலுக்குவதில் அவசரம் ஆகாது. எலுமிச்சையின் தோலுக்கு அடியிலுள்ள வெண்பகுதி கலந்தால் கசப்பு ஏறும். புதினா சேர்ப்போர் இலையைக் கிழிக்காமல் இலேசாக அழுத்துதல் போதும். பழம் மிக இனிப்பாயிருப்பின் பாகையே குறைக்க வேண்டுமன்றிப் புளிப்பைக் குறைத்தல் தகாது, ஏனெனில் புளிப்புக் குன்றிய கலவையில் கனியின் வாசனையும் மங்கிவிடும். முட்டை வெண்கரு நுரைக்காகச் சேர்க்கப்படுவதுண்டாயினும், பழக் கலவைகளுக்கு அது இன்றியமையாததன்று.

தற்காலத்தில் ஆயத்தச் சாறுகளும் பாகுகளும் கடைகளில் கிடைக்கின்றன.