ஆட்டுப்பட்டியில் தொடங்கும் வரலாறு: தார்ப் பாலையும் விதை உறக்கமும்

வறண்ட நிலங்களில் காடு வளர்த்த வரலாற்றை நாம் பெரும்பாலும் மரங்களின் வரலாறாகவே எழுதியிருக்கிறோம். எந்த ஆண்டில், எத்தனை கன்றுகளை, எந்தத் துறை நட்டது என்பதையே ஆவணங்களும் சொல்கின்றன. இவ்வரலாற்றை விதையின் பக்கமிருந்து வாசிக்க முயல்வதே இப்பதிவின் நோக்கம். தார்ப் பாலைக்கு உரிய வன்னியும் கருவேலமும் அங்கேயே இருக்க, கடல் கடந்து வந்த சீமைக்கருவேலம் எவ்வாறு வேர்கொண்டது? நாட்டு மரங்களின் விதை எளிதில் முளைப்பதில்லை என்பதே உடனே தோன்றும் விடை. அதில் பாதி மட்டுமே உண்மை.

முதலில் விதை உறக்கம் பற்றி. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த கருவேலம், வன்னி போன்றவற்றின் விதையுறையில் நெருக்கமாக அடுக்கப்பட்ட தடித்த செல்கள் உள்ளன. அவை நீரை உள்ளே விடுவதில்லை. உறை தேய்ந்தோ கீறப்பட்டோ வெப்பத்தால் நெகிழ்ந்தோ வழிவிட்டால்தான் கரு விழிக்கும். இலந்தைக்குக் கொட்டையின் ஓடே தடை. கொழுக்கட்டைப் புல்லின் நிலை வேறு. அதன் புது விதை சில மாதங்கள் சேமிப்பில் இருந்த பின்னரே நன்கு முளைக்கும். கரோல் பாஸ்கின், ஜெரி பாஸ்கின் இணையர் 1998-இல் வெளியிட்ட பெருநூல், விதை உறக்கத்தின் இவ்வகைகளை உலகளாவிய தரவுகளோடு தொகுத்துத் தந்தது. வறண்ட நிலத்தில் இவ்வுறக்கம் ஒரு காப்பு ஏற்பாடு. பருவம் தவறிப் பெய்த முதல் மழையை நம்பி முளைத்தவை கருகினாலும், முளைக்காதவை மண்ணில் எஞ்சியிருக்கும்.

விதையை எழுப்ப வேண்டும் என்ற அறிவு நம்மிடம் பழையது. 6-ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் இயற்றிய பிருகத் சம்ஹிதையில் விருட்சாயுர்வேதத்துக்கென ஓர் இயல் உண்டு. விதையைப் பாலில் ஊறவைத்தல், சாணத்தில் புரட்டுதல், புகையூட்டுதல் ஆகியவை அதில் கூறப்படுகின்றன. விளாவுக்கும் புளிக்கும் தனித்தனி முறைகள் வகுக்கப்பட்டுள்ளன. இன்றைய அறிவியல் முழுவதையும் அந்நூலில் தேடுவது முறையாகாது. ஆயினும் ஒவ்வோர் இனத்துக்கும் விதை நேர்த்தி வேறுபடும் என்ற தெளிவு அதில் இருப்பதை மறுக்க இயலாது.

குடியேற்றக் கால வனவியலாளர்கள் இவ்வறிவை நூல்களில் அன்றி ஆட்டுப்பட்டிகளில் கண்டனர். ஆடு தின்ற கருவேல நெற்றின் விதைகள் பட்டியில் விழும். குடலைக் கடந்து வந்த அவ்விதைகள் நன்கு முளைப்பதை அறிந்து, அவற்றைத் திரட்டி விதைத்தனர். இந்திய மரங்களின் வளர்ப்பியல் குறித்து ட்ரூப் 1921-இல் வெளியிட்ட நூல் இவ்வழக்கத்தைப் பதிவு செய்கிறது. அமில நேர்த்தியும் வெந்நீர் நேர்த்தியும் நாற்றங்காலில் செய்யும் வேலையை மேய்ப்பரின் மந்தை கூலியின்றிச் செய்துவந்தது.

இந்நிலையில்தான் சீமைக்கருவேலம் வருகிறது. 1870-களில் அது சென்னை மாகாணத்துக் கடப்பைப் பகுதியில் பயிரிடப்பட்டது. 1940-இல் ஜோத்பூர் அரசு அதனை 'அரச தாவரம்' என அறிவித்துப் பாதுகாப்பளித்தது. அங்கு அதன் பெயர் விலாயதி பபூல். நாம் 'சீமை' என்பதையே அவர்கள் 'விலாயதி' என்கின்றனர். விடுதலைக்குப் பின் 1952-இல் ஜோத்பூரில் பாலைவனக் காடு வளர்ப்பு நிலையம் அமைந்தது. 1959-இல் அது மத்திய வறண்ட மண்டல ஆய்வு நிறுவனமாக உருப்பெற்றது. இதற்கிடையே 1958-இல் இஸ்ரேலிலிருந்து மற்றொரு வேல மரமும் தருவிக்கப்பட்டது. மணல் நகர்வை விரைந்து தடுக்க வேண்டும் என்ற நெருக்கடியில், விரைந்து வளரும் இனங்களே முன்னுரிமை பெற்றன.

இங்கு ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். சீமைக்கருவேல விதைக்கும் கடின உறை உண்டு. அதன் நெற்றையும் ஆடும் மாடும் விரும்பித் தின்கின்றன. அவற்றின் சாணத்தில்தான் அதுவும் பரவுகிறது. அதாவது வன்னிக்கும் சீமைக்கருவேலத்துக்கும் பூட்டும் ஒன்றே, திறவுகோலும் ஒன்றே. வேறுபாடு முளைத்த பின்னர் தொடங்குகிறது. வன்னியின் தழை சிறந்த தீவனம். சீமைக்கருவேலத்தின் தழையைக் கால்நடைகள் பெரும்பாலும் ஒதுக்கிவிடுகின்றன. இரண்டையும் விதைத்த ஆடு ஒன்றை மட்டும் மேய்ந்தது. ஆகவே நாட்டு மரத்தின் பின்னடைவுக்கு விதை உறக்கத்தை மட்டும் காரணமாக்க முடியாது. வன்னி எஞ்சிய இடங்களைப் பார்த்தால் இது விளங்கும். உழவர் தம் வயலில் தானாய் முளைத்த கன்றை உழவில் அழியாது காத்தனர். 'ஓரண்' எனப்படும் கோயிற்காடுகள் காத்தன. 1730-இல் கேஜர்லியில் 363 பிஷ்னோய்கள் வன்னி மரங்களுக்காக உயிர் நீத்ததாகப் போற்றப்படும் நிகழ்வையும் இப்பின்புலத்திலேயே வாசிக்க வேண்டும். விதையை எழுப்புவது உயிரியல்; எழுந்ததைக் காப்பது சமூக ஏற்பாடு.

ஜோத்பூர் மெஹ்ரான்கர் கோட்டையை ஒட்டிய சுமார் 70 ஹெக்டேர் பாறை நிலத்தில் 2006-இல் தொடங்கிய ராவ் ஜோதா பாலைப் பாறைப் பூங்கா இவ்விரண்டையும் இணைத்தது. பாறை வெட்டுவதில் தேர்ந்த கண்ட்வாலியாத் தொழிலாளர்கள் சீமைக்கருவேலத்தின் வேரைக் குடைந்தெடுத்தனர். அக்குழிகளில், நாற்றங்காலில் வளர்த்த பாலைநிலத் தாவரங்கள் நடப்பட்டன.

இன்று இக்கேள்வி மீண்டும் நம்முன் நிற்கிறது. 2023-இல் தொடங்கப்பட்ட அராவலி பசுமைச் சுவர்த் திட்டம் நான்கு மாநிலங்களைத் தழுவியது. இத்தகைய திட்டங்கள் கன்றுகளின் எண்ணிக்கையாலேயே அளக்கப்படும் எனில், ஒரே வாரத்தில் சீராக முளைக்கும் விதையே நாற்றங்காலை ஆளும். நாற்றங்காலுக்கு அச்சீர்மை தேவை என்பதை மறுப்பதற்கில்லை. நேரடி விதைப்பில் நிலைமை வேறு. விதை முழுவதையும் நேர்த்தி செய்து தூவினால், மழை பொய்த்த ஓர் ஆண்டில் அனைத்தும் அழியும். நேர்த்தி செய்ததோடு செய்யாததையும் கலந்து தூவுவதே அந்நிலத்தின் இயல்புக்கு நெருக்கமானது. நேர்த்தி செய்யாத விதை முளைக்க ஆண்டுகள் ஆகலாம். அத்தனை ஆண்டுகள் அந்நிலத்தில் மேய்ச்சலை யார் ஒழுங்குபடுத்துவார் என்பதும் திட்ட அறிக்கையில் இடம்பெற வேண்டும்.

சூழலியல் வரலாற்றில் ஆய்வு தொடங்கும் மாணவர்களுக்கு ஒரு பரிந்துரை: அரசாணைகளோடு நாற்றங்கால் பதிவேடுகளையும் தேடுங்கள், மேய்ப்பர்களிடமும் கேளுங்கள். எந்த விதை காத்திருந்தது, எது காத்திருக்க அனுமதிக்கப்படவில்லை என்பது அங்கேதான் தெரியவரும்.