மரம் இழுக்கப் பிறந்த லோரி



தோட்டத்துச் செம்மண் சாலை பெருஞ்சாலையோடு சேரும் இடத்தில் சிறிது நேரம் நின்றால் போதும். கனரக லோரிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து போவதைக் காணலாம். முன்னால் எஞ்சினும் ஓட்டுநர் அறையும் கொண்ட தலைப்பகுதி. பின்னால் நீண்டதொரு டிரெய்லர். செம்பனைக் குலையும் பலகையும் வெட்டுமரமும் இவ்வாறுதான் ஊர் கடந்து செல்கின்றன. இந்த வண்டியை உண்டாக்கியவர் யார்? பெரிய கம்பெனியில், வெள்ளைச் சட்டை அணிந்த பொறியியலார் சிலர் மேசையில் உட்கார்ந்து வரைந்திருப்பார்கள் என்றுதான் நமக்கு எண்ணத் தோன்றும். அது பாதி உண்மையே. மற்றப் பாதி, கொல்லுப் பட்டறையிலும் காட்டுப் பாதையிலும் நடந்த கதை. அதைத்தான் இன்றைய உரையில் சொல்ல வருகிறோம்.

முதலில் டிரெய்லரின் தத்துவத்தைப் புரிந்துகொள்வோம். மாட்டின் முதுகில் மூட்டை ஏற்றினால், இரண்டுக்கு மேல் அது திணறும். அதே மாட்டை வண்டியில் பூட்டினால் பல மூட்டைகளை இழுத்துச் செல்லும். சுமப்பது வேறு, இழுப்பது வேறு. மாட்டுக்குப் பொருந்தும் இந்த உண்மை மோட்டாருக்கும் பொருந்தும் என்பதை அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஆகஸ்ட் ஃப்ரூஹாஃப் என்ற கொல்லர் செய்து காட்டினார். குதிரை வண்டிகளும் செய்துவந்தவர் அவர். 1914-ஆம் ஆண்டில் மர வியாபாரி ஒருவர் தம் படகை ஏரிக்கரைக்குக் கொண்டுபோக வழி கேட்டார். ஃப்ரூஹாஃப் ஒரு டிரெய்லர் செய்து, அதை ஃபோர்டு மாடல் டி என்னும் சிறிய காரின் பின்னால் இணைத்துக் கொடுத்தார். படகு போய்ச் சேர்ந்தது. அந்த வியாபாரி அத்துடன் நிற்கவில்லை. தம் பலகைகளை ஏற்றவும் அப்படியே டிரெய்லர்கள் வேண்டும் என்றார். 1918-இல் ஃப்ரூஹாஃப் டிரெய்லர் கம்பெனி உருவாயிற்று.

தலைப்பகுதியையும் டிரெய்லரையும் இணைக்கும் உறுப்புக்கு ‘ஐந்தாம் சக்கரம்’ என்று பெயர். பெயரில்தான் சக்கரம், தரையில் அது உருளுவதில்லை. தலைப்பகுதியின் பின்புறத்தில் கிடையாகப் பொருத்தப்பட்ட கனமான இரும்புத் தட்டு அது. டிரெய்லரின் முன்பாரம் அதன்மேல் அமர்ந்து, வளைவுகளில் திரும்பிக் கொடுக்கும். குதிரை வண்டிகளில் முன் அச்சு திரும்புவதற்கு இருந்த வட்டத் தட்டிலிருந்து வந்த பெயர் இது. பழைய கைத்தொழிலின் சொல் புதிய வண்டியிலும் தொடர்ந்து வருகிறது, பார்த்தீர்களா?

இந்தக் கதையில் நம் தோட்டங்களுக்கும் பங்கு உண்டு. அக்காலத்து லோரிகள் கெட்டி ரப்பர் சக்கரங்களில் ஓடின. குலுக்கல் தாங்காமல் சரக்கும் சிதைந்தது, சாலையும் சிதைந்தது, வேகமும் குறைவு. கனரக வண்டிக்கும் காற்றடைத்த டயர் பொருந்தும் என்று காட்டுவதற்காக, 1917-ஆம் ஆண்டில் குட்இயர் கம்பெனி ஒரு லோரியை அக்ரன் நகரிலிருந்து பாஸ்டன் நகருக்கு ஓட்டியது. முதற் பயணத்தில் டயர்கள் பலமுறை வெடித்தன. சேற்றில் வண்டி சிக்கியது. இருப்பினும் முயற்சி கைவிடப்படவில்லை. சில ஆண்டுகளில் காற்றடைத்த டயர் நிலைபெற்றது. அந்நாளில், அதாவது 1920-ஆம் ஆண்டளவில், உலக ரப்பரில் ஏறத்தாழப் பாதி மலாயாவில்தான் விளைந்தது. அமெரிக்காவின் டயர் ஆலைகளுக்குச் சென்ற ரப்பரில் கணிசமான பகுதி, விடியுமுன் எழுந்து பால்மரம் சீவிய நம் முன்னோரின் கை பட்டது. எங்கோ ஓடிய லோரி அவர்கள் உழைப்பின் மீதுதான் ஓடியது என்றால் அது மிகையாகாது.

இனி, அமெரிக்காவின் வடமேற்குக் கரைக்குச் செல்வோம். வாஷிங்டன் மாநிலத்தில் டக்ளஸ் ஃபர் எனப்படும் மரங்கள் 200 அடிக்கும் மேலாக வளர்ந்து நின்றன. ஒரு மரத்தைச் சாய்ப்பது ஒரு பாடு. அதை மலையிலிருந்து மில்லுக்குக் கொண்டுவருவது பெரும்பாடு. முதலில் எருதுகளும் குதிரைகளும் இழுத்தன. 1880-களில் நீராவி விஞ்சு வந்தது. ஆற்றில் மிதக்கவிட்டும் மரம் கொண்டுவந்தார்கள். காட்டுக்குள் தண்டவாளம் போட்டு இரயிலும் ஓட்டினார்கள். ஆனால் இரயிலுக்கு மெதுவான ஏற்றம் வேண்டும்; தண்டவாளம் போடப் பணம் வேண்டும். சமவெளி மரங்கள் தீர்ந்து, வேலை செங்குத்தான மலைகளுக்கு ஏறியபோது இரயிலால் தொடர முடியவில்லை. அங்கேதான் லோரிக்கு வேலை பிறந்தது.

அந்த மாநிலத்தின் டக்கோமா நகரில் டி. ஏ. பீட்டர்மன் என்பவர் ஒட்டுப்பலகை ஆலை நடத்திவந்தார். காட்டிலிருந்து மரம் வந்து சேரும் வேகம் அவருக்குப் போதவில்லை. கடையில் விற்ற லோரிகள் காட்டு வேலைக்குத் தாக்குப்பிடிக்கவில்லை. ஆகவே, இராணுவம் கழித்துவிட்ட லோரிகளையும் பழைய மர லோரிகளையும் வாங்கி, தம் பட்டறையில் பிரித்துத் தமக்கு ஏற்றவாறு மீண்டும் கட்டினார். ஒரு வண்டியில் கண்ட குறை, அடுத்த வண்டியில் திருத்தப்பட்டது. வேலையே அங்கு ஆசிரியராக இருந்தது.

மரம் இழுக்கும் வண்டியின் அமைப்பு வேடிக்கையானது. சாதாரண டிரெய்லருக்குத் தரைப்பலகை உண்டு. மர லோரியின் டிரெய்லருக்கு அது கிடையாது. சக்கரங்களும் அச்சும், மரம் அமர ஒரு குறுக்குத் தாங்கியும், ஒரு நீண்ட தண்டும் மட்டுமே உண்டு. மரத்தின் ஒரு முனை லோரியின் மேலும் மறுமுனை டிரெய்லரின் மேலும் கிடக்கும். அப்படியானால் நடுவில் பாரம் தாங்குவது எது? அந்த மரமேதான்! இறக்கிவிட்டுத் திரும்பும்போது டிரெய்லரைத் தூக்கி லோரியின் முதுகில் வைத்துக்கொண்டு போவார்கள். பிள்ளையை உப்புமூட்டை தூக்கிச் செல்வதுபோல் அது இருக்கும்.

ஏறுவதைவிட இறங்குவதே ஆபத்து. பாரத்துடன் மலையிறங்கும்போது பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் அது கொதித்து, பிடிப்பை இழந்துவிடும். அப்புறம் அந்த வண்டியை நிறுத்த யாராலும் ஆகாது. எனவே மர லோரிகளில் ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்து, பிரேக் உருளைகளின்மேல் தண்ணீர் விட்டுக் குளிரச் செய்தார்கள். 1869-இல் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் இரயிலுக்காகக் கொண்டுவந்த காற்று பிரேக், பிறகு லோரிகளுக்கும் வந்தது. டிரெய்லர் அறுந்து பிரிந்தால் அதன் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும்படியும் அமைத்தார்கள். குதிரைத் திறனைப் பற்றிப் பலரும் பெருமையாகப் பேசுவார்கள். ஆனால் ஓட்டுநர் வீட்டில் காத்திருக்கும் மனைவி மக்களுக்கு வேண்டியது நல்ல பிரேக்.

பீட்டர்மனின் முயற்சி பட்டறையோடு நிற்கவில்லை. கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகரில் 1916-இல் தொடங்கிய ஃபேஜால் என்ற லோரிக் கம்பெனி, பொருளாதார மந்தத்தில் நொடித்துப்போயிருந்தது. அதன் ஆலையைப் பீட்டர்மன் வாங்கினார். 1939-இல் ‘பீட்டர்பில்ட்’ என்ற பெயரில் லோரிகள் வெளிவந்தன. அவ்வாண்டில் 14 வண்டிகள். மறு ஆண்டில் 82. எண்ணிக்கை சிறியதுதான். வண்டியை ஓட்டுகிறவர்களிடமே குறைநிறைகளைக் கேட்டுவரத் தம் பொறியியலாரை அனுப்பினார் என்பது அவரைப்பற்றிச் சொல்லப்படும் செய்தி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அவர் மறைந்தார். அவரிடம் பணியாற்றிய மேலாளர்கள் கம்பெனியை வாங்கித் தொடர்ந்து நடத்தினர். 1958-இல் பசிபிக் கார் அண்ட் பவுண்டரி என்ற பெரிய நிறுவனத்துடன் அது சேர்ந்தது. பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது.

இதே கதை நம் நாட்டுக் காடுகளிலும் நடந்தது. அமெரிக்கரைப் பார்த்து நடந்ததன்று. ஒரே மாதிரியான தேவை ஒரே மாதிரியான வழியைக் காட்டிற்று. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் இராணுவ லோரிகள் பல மலாயாவில் விலைக்கு வந்தன. பட்டறைக்காரர்கள் அவற்றை வாங்கி, விஞ்சு பொருத்தி, தேவையற்றதை வெட்டி நீக்கி, வேண்டியதைப் பற்றவைத்து, மரம் இழுக்கும் வண்டிகளாக்கினார்கள். ‘சன் தை வோங்’ என்று அவற்றுக்குப் பெயர். மலை மன்னன் என்று பொருள்படும் சீனச் சொல் அது. காட்டுக்குள்ளிருந்து மரத்தைத் தானே ஏற்றிக்கொண்டு, குறுகிய தூரம் ஓடி, மரம் அடுக்கும் களத்தில் இறக்கும். அங்கிருந்து நெடுந்தூர லோரிகள் எடுத்துச் செல்லும். போர் முடிந்து பல பத்தாண்டுகள் ஆன பின்னரும் இந்த வண்டிகள் சேற்றிலும் மேட்டிலும் உழைத்தன.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு, நேயர்களே. பீட்டர்மனின் பெயர் நூல்களில் இருக்கிறது. மலை மன்னனைக் கட்டிய கைகளின் பெயர்களை எழுதிவைத்தவர் அரிது.

வெளிநாடுகளில் பழைய லோரிகளைத் தேடி எடுத்துப் புதுப்பிப்பவர்கள் பெருகியுள்ளனர். அமெரிக்காவில் லோரி வரலாற்றுக்கென்றே 1971-இல் ஒரு சங்கம் அமைந்தது. புதுப்பிக்கும் வேலைக்குப் பொறுமை வேண்டும். முதலில் வண்டியைப் பல கோணங்களில் படம் எடுத்துக்கொள்வார்கள். பிறகு ஒவ்வோர் உறுப்பாகக் கழற்றி, அடையாளச் சீட்டுக் கட்டி வைப்பார்கள். துருவைச் சுரண்டி, சேசிஸில் வெடிப்பு இருக்கிறதா என்று தேடுவார்கள். எங்கும் விலைக்குக் கிடைக்காத உறுப்பாயின், பழையதையே அச்சாகக் கொண்டு புதியதை வார்ப்பார்கள்.

இங்கே ஒரு சிக்கல் எழும். சட்டத்தில் பழைய ஒட்டு ஒன்று தெரிகிறது. என்றோ ஒருவர் அவசரத்தில் பற்றவைத்தது. அதைத் தேய்த்து மறைத்து, ஆலையிலிருந்து வந்த நாள்போல் ஆக்குவதா? அப்படியே விடுவதா? உறுதி கெட்டிருந்தால் மாற்றத்தான் வேண்டும். ஓடும் வண்டியில் உயிர் முக்கியம். உறுதியாயிருந்தால், அதை விட்டுவைப்பதே சரி என்பது எங்கள் கருத்து. வேலைக்காக மாற்றிக் கட்டிய வண்டியில் அந்த ஒட்டும் வரலாறுதான். பெயர் எழுதப்படாத தொழிலாளியின் கையெழுத்து அது.

நம் தோட்டங்களிலும் இத்தகைய கைகள் உண்டு. பால் லோரியை ஓட்டியவர்கள், டிராக்டரின் பின்னால் பெட்டி கட்டியவர்கள், உதிரி உறுப்பு வருமுன் ஸ்டோரில் கிடந்த இரும்பைக்கொண்டே வண்டியை ஓடச் செய்தவர்கள் எத்தனை பேர்! பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றிருக்கலாம். ஆனால் எஞ்சினின் ஓசையைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார்கள். அவர்களோடு அந்த அறிவும் மறைந்துபோகிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் பட்டணம் சென்றுவிட்டபின் கேட்பதற்கும் ஆள் இருக்கமாட்டார்கள்.

ஆகையால் பெற்றோரே, பிள்ளைகளே, உங்கள் வீட்டிலோ பக்கத்து வரிசையிலோ அப்படிப்பட்ட தாத்தாவோ மாமாவோ இருந்தால் அருகே அமர்ந்து கேளுங்கள். எந்த ஆண்டு, எந்த வண்டி, என்ன பழுது, எப்படித் திருத்தினார் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். பழைய படம் இருந்தால் அதன் பின்புறத்தில் அவர் பெயரைக் குறித்துவையுங்கள். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். ஒரு பென்சிலும் ஒரு மாலைப் பொழுதும் போதும்.