அப்பா காவல் நின்ற கடல்

வாவிக்கரை வரலாறு – 17

1942 ஏப்ரல் 9, வியாழக்கிழமை. விடிந்து கொஞ்ச நேரத்தில் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத் தளத்தையும் தாக்கின. நான்கு நாட்களுக்கு முன், உயிர்த்த ஞாயிறன்று கொழும்பில் குண்டு போட்டதும் அட்மிரல் நகுமோவின் இதே படைதான். சிலோன் லைட் இன்பன்ட்ரியில் சிப்பாயாகச் சேர்ந்திருந்த என் அப்பா அன்று திருகோணமலையில் காவலில் நின்றார்.

அம்மா இருந்தது மட்டக்களப்பின் கல்லடியில், வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல் கரையில். முற்பகலில் கடல் பக்கமிருந்து இடி முழங்குவதுபோல் சத்தம் கேட்டதாம். ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் அங்கே அடிபட்டுக்கொண்டிருந்தது. தாக்குதல் வருமென்று முதல்நாள் இரவே திருகோணமலையை விட்டுத் தெற்கே விலகிய கப்பல் அது. திரும்பிப் போகும் வழியில் அகப்பட்டுக்கொண்டது. விமானந்தாங்கி என்று பெயர். அன்று அதில் ஒரு விமானம்கூட இல்லை. தளபதி ஆன்ஸ்லோ உட்பட 307 பேர் மாண்டார்கள். துணைக்கு வந்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் வாம்பயரும் மூழ்கியது. கடலில் தத்தளித்தவர்களில் ஏறத்தாழ 600 பேரை வீட்டா என்ற மருத்துவக் கப்பல் ஏற்றிக்கொண்டது.

திருகோணமலையில் குண்டு விழுந்த செய்தி கேட்டு அம்மா அழுதார். மட்டக்களப்புக் கடலில் கப்பல் எரிந்த செய்தி கேட்டு அப்பா உறக்கமிழந்தார். "ஊரைக் காக்கப் போனன் மனே. மறுகா பாத்தா, சண்டை நம்மட வீட்டு வாசலுக்கே வந்திட்டு" என்பார். போரைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. பேசினால் இதைத்தான் பேசுவார்.

இலங்கையில் கட்டாய ஆள்சேர்ப்பு இருக்கவில்லை. அப்பாவைப் போன்றவர்கள் தாங்களாகவே போய்ச் சேர்ந்தவர்கள். சம்பளத்துக்காகப் போனவரும் உண்டு, கடமையென்று போனவரும் உண்டு. அன்றைய கதையைச் சொல்லும் நூல்கள் கப்பல்களையும் விமானங்களையும் எண்ணுகின்றன. கரையில் துவக்கோடு நின்றவனையும் அவன் வீட்டாரையும் எண்ணுவதில்லை. அந்தக் கணக்கு பிள்ளைகளிடம் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. எங்களுக்கும் எண்பது தாண்டிவிட்டது. வீட்டுப் பெட்டியில் பழைய படைப் பத்திரமோ சீருடைப் படமோ இருந்தால், அதன் கதையைப் பெரியவர்களிடம் இன்றே கேட்டு எழுதிவையுங்கள்.

அடுத்த வாரம்: ஹெர்மிஸ் மூழ்கி ஒரு மாதத்தில் கொக்கோஸ் தீவில் கிளர்ந்த இலங்கைப் பீரங்கிப் படையினர், தூக்குமேடை ஏறிய மூவர்.

(தொடரும்)