எட்மண்டனில் குளிர்கால மீன்பிடி: சிஸ்கோ மீனும் நாம் அறியவேண்டிய விதிகளும்

எம்மவர் வாழும் எட்மண்டன்கள் இரண்டு. ஒன்று வடக்கு லண்டனில், லீ ஆற்றங்கரையில் உள்ளது. மற்றையது கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத் தலைநகர். ஹட்சன் விரிகுடாக் கம்பனி 1795 இல் அங்கு அமைத்த கோட்டைக்கு எங்கள் எட்மண்டனின் பெயரே சூட்டப்பட்டது. பெயர் ஒன்றானாலும் குளிர்காலம் ஒன்றல்ல. அங்கே ஏரிகள் உறைந்து, மக்கள் பனிக்கட்டியில் துளையிட்டு மீன் பிடிக்கிறார்கள். கனடா உறவினர் அனுப்பும் படங்களைப் பார்த்துவிட்டு, "இங்கேயும் அப்படிப் பிடிக்கலாமோ?" என்று கேட்பவர்களுக்கே இக்கட்டுரை.

சிஸ்கோ எப்படிப்பட்ட மீன்?

வெள்ளி நிறமும் மெலிந்த உடலும் கொண்ட சிஸ்கோவைப் பார்த்தால் எங்களுக்குச் சூடை மீன் ஞாபகம் வரும். 'ஏரி ஹெரிங்' என்றும் அதை அழைப்பார்கள். ஆனால் அது ஹெரிங் இனமல்ல, சமன் குடும்பத்தைச் சேர்ந்தது. முதுகில் வாலுக்கு முன்னால் உள்ள சிறிய கொழுப்புத் துடுப்பே அதற்கு அடையாளம்.

இதற்குக் குளிர்ந்த, ஒட்சிசன் நிறைந்த நீர் வேண்டும். கோடையில் மேல்நீர் சூடாகிவிட, மீன் ஆழத்துக்கு இறங்கும். ஏரி மாசடைந்திருந்தால் ஆழத்தில் ஒட்சிசன் குறைந்துவிடும். மேலே சூடு, கீழே மூச்சுத்திணறல் என்று இரண்டுக்கும் நடுவில் அது அகப்பட்டுக்கொள்ளும். குளிர்காலத்தில் இந்தச் சிக்கல் இல்லை. நீர் 4 பாகை செல்சியஸில்தான் அதிக அடர்த்தி பெறுகிறது. அதனால் பனிக்கட்டி மேலே மிதக்க, அடியில் உறையாத நீர் தங்குகிறது. அங்கே மீன் கூட்டமாக உலாவும்.

பிடிப்பவர்கள் மெல்லிய நரம்பில் சிறிய பளபளக்கும் தூண்டிலைக் கட்டி, நடுநீரில் மெதுவாக ஆட்டுவார்கள். சிஸ்கோவின் வாய் சிறியது, மென்மையானது. வெடுக்கென்று இழுத்தால் கிழிந்துவிடும். ரொறன்ரோவுக்கு வடக்கேயுள்ள சிம்கோ ஏரியில் இம்மீன் குறைந்துபோனதால் 2001 இல் அதைப் பிடிக்கத் தடை வந்தது. 2015 இலேயே மீண்டும் அனுமதித்தார்கள், அதுவும் அளவுக் கட்டுப்பாட்டுடன்.

பிரித்தானியாவில் அதன் உறவுகள்

சிஸ்கோ இங்கு இல்லை. அதன் நெருங்கிய உறவுகள் உண்டு. வட அயர்லாந்தின் நே ஏரியில் 'பொலன்' என்ற மீன் இன்றும் தொழில்முறையில் பிடிக்கப்படுகிறது. இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் 'வென்டேஸ்' என்ற மீன் டேர்வென்ட்வோட்டர், பாசென்த்வெயிட் ஆகிய இரு ஏரிகளில் வாழ்ந்தது. பாசென்த்வெயிட்டில் அது அழிந்துவிட்டதாக 2001 இல் கருதப்பட்டது. 2013 இல் ஒரேயொரு மீன் அகப்பட்டது. இதைப் பிடிப்பது 1981 ஆம் ஆண்டின் வனசீவராசிகள், நாட்டுப்புறச் சட்டத்தின்கீழ் குற்றம்.

அது அழிந்ததற்குக் கழிவுநீரும் வண்டலும் சூடாகும் நீரும் காரணம். இன்னொரு காரணம் எங்களுக்குப் பாடமாக வேண்டியது. ரோச், ரஃப் போன்ற வெளியூர் மீன்கள் அந்த ஏரிக்குள் வந்து, முட்டைகளுக்கும் இரைக்கும் எமனாயின. குளிர்காலத்தில் பைக் பிடிக்க வந்தவர்கள் உயிருள்ள இரையாக வாளியில் கொண்டுவந்து, மிஞ்சியதை நீரில் விட்டதாலேயே அவை பரவின என்று கருதப்படுகிறது. வாளியில் மிஞ்சிய சில மீன்கள் ஒரு இனத்தையே ஒழிக்க வல்லவை.

எங்கள் எட்மண்டனில்

1653 இல் வெளியான ஐசாக் வோல்ற்றனின் புகழ்பெற்ற தூண்டில் நூல், பக்கத்து ஊரான டொட்டன்ஹாமில்தான் தொடங்குகிறது. லீ ஆற்றில் இன்றும் குளிர்காலத்தில் பைக், பேர்ச், ரோச் அகப்படும். குளிரில் மீனுக்குப் பசி குறைவு. சிறிய இரை, நடுப்பகல் நேரம், பொறுமை ஆகிய மூன்றும் வேண்டும். பைக்குக்குப் பல் கூர்மை என்பதால் கம்பி முனையும் நீண்ட இடுக்கியும் அவசியம். அதற்கு இரையாக மீன் கடையில் வாங்கும் சாளையோ கானாங்கெளுத்தியோ போதும். கடல்மீன் என்பதால் ஏரிக்கு ஏரி நன்னீர் மீனைக் கடத்தும் ஆபத்தும் இல்லை.

விதிகள் இவை. 13 வயதும் அதற்கு மேற்பட்டோரும் சுற்றாடல் முகவரகத்தின் தூண்டில் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும். 13 முதல் 16 வயதுவரை அது இலவசம், ஆனாலும் பெற்றேயாகவேண்டும். இல்லாமல் பிடித்தால் 2,500 பவுண்கள் வரை தண்டம். இதைவிட அந்த நீர்நிலையின் உரிமையாளரது அல்லது கழகத்தின் அனுமதியும் வேண்டும். இங்கிலாந்து ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை ரோச், பைக் போன்ற மீன்களைப் பிடிக்கத் தடை. கால்வாய், ஏரி விதிகள் இடத்துக்கிடம் வேறுபடும் என்பதால் கரையிலுள்ள அறிவிப்புப் பலகையை வாசியுங்கள்.

எம்மவர் பலர் தடுமாறுவது ஒரு இடத்தில்தான். வன்னியில் குளத்து விரால் நேரே சட்டிக்குப் போகும். இங்கே பெரும்பாலும் மீனைத் திரும்ப நீரில் விடவேண்டும். ஆற்றில் ஒரு நாளைக்கு 65 செ.மீ. வரையான ஒரு பைக், 20 செ.மீ. வரையான சில வகைச் சிறுமீன்கள் 15 என்பதே சட்டம் தரும் உச்ச அளவு. உரிமையாளர் கூடாது என்றால் அதுவும் கூடாது. விலாங்கை எப்போதும் விட்டுவிட வேண்டும். ஏரிகளிலும் கால்வாய்களிலும் அனுமதியின்றி ஒரு மீனையும் எடுத்துச் செல்லக்கூடாது.

பனிக்கட்டியில் ஏறாதீர்கள்

ஒருவர் நடக்கக் குறைந்தது 10 செ.மீ. தடிப்புள்ள தெளிந்த பனிக்கட்டி வேண்டும் என்பது கனடாவில் சொல்லப்படும் பொதுவான அளவு. லண்டன் குளங்களில் அந்தத் தடிப்பை நம்பமுடியாது. 2022 டிசம்பரில் சொலிஹல் நகரில் உறைந்த ஏரியில் விழுந்து நான்கு சிறுவர்கள் இறந்ததை மறக்கவேண்டாம். குளிர்நீரில் விழுந்தவருக்கு முதல் நொடிகளிலேயே மூச்சு இரைக்கும். எவராவது விழுந்தால் பின்னால் குதிக்காதீர்கள். 999 ஐ அழைத்துத் தீயணைப்புச் சேவையைக் கேளுங்கள். கயிறோ நீண்ட தடியோ எறியுங்கள், மல்லாந்து மிதக்கச் சொல்லுங்கள்.

பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துப் போங்கள். கிளம்புமுன் அனுமதிப்பத்திரத்தையும், திரும்புமுன் வாளியையும் வலையையும் பாருங்கள். கழுவிக் காயவைத்த பிறகே அடுத்த நீர்நிலைக்குக் கொண்டுபோங்கள். அந்த நீரில் வாழ்வன அதிலேயே தங்கட்டும்.