முழுங்குற மாத்திரையா, உள்ளே வைக்குற மருந்தா? ஒரு பிடி மண்ணில் ஆரம்பிச்ச கதை

"டாக்டர், போன தடவை மாதிரி க்ரீம் வேணாம். ஒரே மாத்திரையில சரியாயிடுமாமே, அதை எழுதிக் கொடுங்க."

ஓபியில் அடிக்கடி கேட்கிற வரி இது. பிறப்புறுப்பில் அரிப்பு, எரிச்சல், திரிஞ்ச பால் மாதிரி வெள்ளைப்படுதல். பெரும்பாலும் கேண்டிடா என்கிற ஈஸ்ட் பூஞ்சையின் வேலை. மாத்திரைன்னா பவர் அதிகம், க்ரீம்னா சும்மா மேல்பூச்சு என்ற நினைப்பு நம்மில் பலருக்கு உண்டு. அது சரியான்னு பார்க்க 1940களுக்குப் போகணும். வாங்க.

பென்சிலின் வந்து பாக்டீரியாவை ஓட ஓட விரட்டிய காலம். ஆனா ஆன்டிபயாடிக் போட்ட சிலருக்கு வாயிலும் பிறப்புறுப்பிலும் பூஞ்சை கிளம்பியது. காவலுக்கு இருந்த நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து செத்துட்டா, காலி இடத்தில் ஈஸ்ட் குடியேறிடும். அப்போது கையில் இருந்த மருந்துகளில் ஒன்று ஜென்ஷியன் வயலட். ஆமாங்க, துணியெல்லாம் ஊதாவாக்கும் அதேதான்.

நியூயார்க் மாநில சுகாதாரத் துறையில் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்று ரெண்டு விஞ்ஞானிகள். ஹேசன் நியூயார்க் நகரில், பிரவுன் ஆல்பனியில். மண்ணில் வாழும் நுண்ணுயிரிகளை வளர்த்து ஹேசன் ஜாடியில் போட்டுத் தபாலில் அனுப்புவார். பிரவுன் அதிலிருந்து மருந்துப் பொருளைப் பிரித்துத் திருப்பி அனுப்புவார். பூஞ்சையைக் கொன்றவற்றில் பல, சோதனை எலியையும் கொன்றன. கடைசியில் வர்ஜீனியாவில் ஒரு நண்பரின் பண்ணை மண் கை கொடுத்தது. 1950இல் அறிவித்தார்கள். நியூயார்க் ஸ்டேட் பெயரில் 'நிஸ்டாடின்'. ராயல்டியாக வந்த 1.3 கோடி டாலருக்கும் மேலான தொகை முழுக்க ஆராய்ச்சிக்கே போனது. ரெண்டு பேரும் தங்களுக்குன்னு எதுவும் எடுத்துக்கல. இதைப் படிச்ச அன்னைக்கு எனக்குக் கொஞ்ச நேரம் வேலையே ஓடல.

இங்கேதான் நம்ம கேள்விக்கு வர்றோம். நிஸ்டாடினை முழுங்கினால் குடலைத் தாண்டி ரத்தத்துக்குள் கிட்டத்தட்ட போகவே போகாது. அதனால் பிறப்புறுப்புத் தொற்றுக்கு அங்கேயே வைக்கணும். 1970களில் வந்த க்ளோட்ரிமசோலும் அதே வழிதான்.

முழுங்குகிற மாத்திரையா கீட்டோகோனசோல் 1981இல் அமெரிக்காவில் வந்தது. ஆனா சிலருக்குக் கல்லீரலைக் கெடுத்தது. 2013இல் அந்த மாத்திரைக்கு ஐரோப்பாவும் அமெரிக்காவும் கடிவாளம் போட்டன. இங்கிலாந்தில் ஃபைசர் கண்டுபிடித்த ஃப்ளூகோனசோல் அதைவிடப் பாதுகாப்பானது. 150 மில்லிகிராம், ஒரே வேளை என்ற முறைக்கு 1994இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. உங்க காதுக்கு வந்த 'ஒரே மாத்திரை' இதுதான்.

சரி, எது பெட்டர்? சாதாரணத் தொற்றுக்கு ரெண்டும் ஏறக்குறைய சமம். முழுசா எடுத்தால் 80 முதல் 90 சதவீதம் பேருக்குக் குணமாகும். ஒற்றை அறை வீட்டில், பொதுக் கழிப்பறையில் மருந்தை உள்ளே வைக்கத் தனிமை எங்கேன்னு கேட்டால் அது நியாயமான கேள்வி. மாத்திரை தாராளமா எழுதுவேன்.

கர்ப்பிணிக்கு மட்டும் எழுத மாட்டேன். அவங்களுக்கு உள்ளே வைக்கும் மருந்துதான், அதுவும் 7 நாள். வார்ஃபரினோ கிளிபென்க்ளமைடோ எடுக்கிறவங்க முதல்லயே சொல்லிடுங்க. ஃப்ளூகோனசோல் சேர்ந்தால் ரத்தக்கசிவும், லோ சுகரும் வரலாம். திரும்பத் திரும்ப வந்தால் கடையில் வாங்கிப் போடாம சுகர் டெஸ்ட் எடுங்க.

பயிற்சி மருத்துவரா இருந்தப்ப ஒரு அக்காவுக்கு உள்ளே வைக்கும் மாத்திரை 6 எழுதினேன். வாரம் கழிச்சு வந்து, "அரிப்பு குறையவே இல்ல தம்பி, பெரிய மாத்திரையா இருக்கு, முழுங்கவே கஷ்டமா இருந்துச்சு"ன்னாங்க. சொல்லிக் கொடுக்காதது என் தப்பு. இப்பல்லாம் சீட்டிலேயே தமிழில் எழுதிடுறேன்: முழுங்கக் கூடாது.