சென்னையின் பிளாஸ்மிடும் ஹரியானாவின் கால்வழியும்

மருத்துவமனைத் தொற்றுகளை நாம் கிருமியின் பெயரால் எண்ணிப் பழகிவிட்டோம்: கிளெப்சியெல்லா இத்தனை, ஈ.கோலை இத்தனை. ஆனால் மருந்தை முறிப்பது அவற்றுக்குள் இருக்கும் மரபணு. அது ஒரே கிருமியோடு தங்கிவிடுவதில்லை. பெயர்வாரிக் கணக்கு எங்கே தவறுகிறது என்பதற்கு என்.டி.எம்-1 மரபணுவைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

புதுடெல்லியில் மருத்துவமனையில் இருந்துவிட்டு ஸ்வீடன் திரும்பிய ஒருவரின் சிறுநீரில் 2008இல் அது அகப்பட்டது. மறு ஆண்டு அந்த ஊரின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. அதனால் இந்தியாவில் எழுந்த கோபம் நியாயமா என்பது தனி வழக்கு. அந்தக் கூச்சலில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமியும் பிறரும் 2010இல் ‘லான்செட்’ குழும இதழில் எழுதிய கட்டுரையின் முக்கியமான முடிவு பலர் காதில் விழவில்லை.

இந்த மரபணுவைத் தாங்கிய கிருமிகள் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37 கிடைத்தன. ஹரியானாவின் கிளெப்சியெல்லாக்கள் ஒரே கால்வழியைச் சேர்ந்தவை. அவற்றில் இம்மரபணுவைச் சுமந்த பிளாஸ்மிட் என்ற தனி டி.என்.ஏ. வளையம் ஆய்வகத்தில் வேறு கிருமிக்குத் தாவவில்லை. சென்னையிலும் பிரிட்டனிலும் கிடைத்தவையோ பல கால்வழிகள். பிளாஸ்மிடும் எளிதில் தாவியது. ஆக, ஒரே பெயருக்குள் இரண்டு வகைப் பரவல். முதல் வகையில் பரவுவது கிருமி: நோயாளியைத் தனிமைப்படுத்தி, கைகளைக் கழுவினால் சங்கிலி அறுபடும். இரண்டாவதில் கிளெப்சியெல்லா நோயாளியைத் தனி அறைக்கு மாற்றுவதற்குள் மரபணு பக்கத்துப் படுக்கைக்காரர் குடலில் உள்ள ஈ.கோலைக்குக் குடிபெயர்ந்திருக்கலாம்.

சோதனைத் தட்டு இந்த வேறுபாட்டைக் காட்டாது. இமிபெனம் என்ற நுண்ணுயிர்க்கொல்லி ஊறிய வில்லை இரண்டை வைக்கிறோம். ஒன்றில் மட்டும் ஈ.டி.டி.ஏ. சேர்ந்திருக்கும். வெறும் வில்லையின் விளிம்புவரை கிருமி மண்டி வளரும். மற்றதைச் சுற்றிக் கிருமி வளராத தெளிந்த வளையம் விழும். இம்மரபணு உருவாக்கும், மருந்தைச் சிதைக்கும் நொதிக்கு உயிரான துத்தநாகத்தை ஈ.டி.டி.ஏ. கவர்ந்துகொள்வதே காரணம். சென்னைக் கிருமிக்கும் ஹரியானாக் கிருமிக்கும் அதே வளையம்தான்.

ஆய்வகத்தில் தாவினால் வெளியிலும் தாவுமா என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். 2011இல் வெளியான ஓர் ஆய்வில், டெல்லியில் தேங்கிய நீர் மாதிரிகள் 171இல் 51இலும், குழாய்நீர் மாதிரிகள் 50இல் 2இலும் இம்மரபணு கண்டறியப்பட்டது. அதுவரை இதைச் சுமந்ததாக அறியப்படாத 11 இனங்களில் அது இருந்தது. காலராக் கிருமியும் அவற்றுள் ஒன்று. தாவல் அதிகமாக நடந்தது 30 பாகையில், அதாவது உடற்சூட்டில் அல்ல, நம் ஊர்ச் சாக்கடையின் சூட்டில். ‘மருத்துவமனைக் கிருமி’ என்ற சொல்லே அப்போது குறுகிப்போகிறது.

எல்லா ஆய்வகங்களும் பிளாஸ்மிடை வரிசைப்படுத்தட்டும் என்று சொல்வது எளிது. அதற்குப் பணமும் ஆளும் வேண்டும். குறைந்தபட்சமாக, ஒரே வார்டில் ஒரே வாரத்தில் கிளெப்சியெல்லாவிலும் ஈ.கோலையிலும் இந்த மரபணு தென்பட்டால் அதை ஒரே பரவலாகக் கொண்டு விசாரணையைத் தொடங்கலாம். பெயர்வாரிப் படிவத்தில் அவை தொடர்பில்லாத இரண்டு வரிகள்.