வாங்காத வண்டியின் வரலாறு

வாங்காமற்போன வண்டியைப் பற்றிய ஏக்கமும் வரலாற்றுக்குச் சான்றாகுமா என்று மாணவ நண்பர்கள் கேட்கலாம். ஆகும் என்பதே என் விடை.

இங்கிலாந்தில், ரெட்டிச் நகரத்து ராயல் என்பீல்டு நிறுவனம் 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர்ந்து ‘என்பீல்டு இந்தியா’வைத் தொடங்கியது. புல்லட் மோட்டார் சைக்கிள் திருவொற்றியூரில் உருவாகலாயிற்று. 1967-இல் ரெட்டிச் ஆலை மூடப்பட்டது. திருவொற்றியூரிலோ உற்பத்தி தொடர்ந்தது.

சேலத்திலிருந்து 1965-இல் பிரிந்த தருமபுரி மாவட்டத்தில், 1970களில் நான் இளம் ஆசிரியன். தொப்பூர்க் கணவாயில் புல்லட் ஏறிவரும் ஓசை கேட்டால் மனம் அதன் பின்னே ஓடும். ஆனால் எங்களுடையது வானம் பார்த்த பூமி. மழை பொய்த்த ஆண்டுகளில் என் சம்பளமே குடும்பத்துக்குச் சோறிட்டது. வண்டிக்கெனச் சேர்த்த பணம் தங்கையின் கல்லூரிக் கட்டணமாயிற்று. அவள் ஆசிரியையானாள், நான் மிதிவண்டியிலேயே பள்ளிக்குச் சென்றேன்.

ஏக்கம் இன்றும் உண்டு, அதை மறைப்பானேன்? ஆயினும், ஆலையின் கணக்கேடு விற்ற வண்டிகளை மட்டுமே கூறும். விற்காத ஒரு வண்டிக்குப் பின்னே ஒரு பெண்ணின் படிப்பு இருந்ததை அது அறியாது. ஆதலின், வாங்க விரும்பியும் வாங்காதது எது, ஏன் என்று உங்கள் வீட்டுப் பெரியோரைக் கேட்டு எழுதி வையுங்கள்.